எடை குறைஞ்சப்புறம் தொங்குற தோல பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல எடை குறைச்சவங்க கதை அடிக்கடி வருது. பழைய போட்டோ ஒரு பக்கம், புது போட்டோ ஒரு பக்கம்னு போடறீங்க, படிக்கறவங்களுக்கு அது பெரிய தெம்பு, நானும் அந்த மாதிரி படிச்சுதான் நடக்கவே ஆரம்பிச்சேன். ஆனா நாப்பது அம்பது கிலோ குறைச்ச ஒருத்தருக்கு அந்த புது போட்டோவுல சட்டைக்குள்ள என்ன இருக்குங்கறத யாருமே எழுத மாட்டேங்கறாங்க. கொழுப்பு கரைஞ்சு போயிடுது, தோல் அப்படியே நின்னுடுது. உக்காந்தா வயித்து தோல் மடியில வந்து விழும், வேகமா நடந்தா ஆடும், அடி மடிப்புல வேர்வை தேங்கி சிவந்து புண்ணாகும், காளான் தொற்று வரும், நாத்தம் வரும். குளிச்சிட்டு மடிப்ப தூக்கி பிடிச்சு ஃபேனுக்கு நேரா நின்னு காய வெச்சாதான் சட்டையே போட முடியும்னு எத்தனையோ பேர் தினமும் பண்ணிட்டிருக்காங்க, வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான்.

இத எக்சர்சைஸ் பண்ணி சரி பண்ணிடலாம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வருஷக்கணக்கா இழுபட்ட தோல்ல, அத இறுக்கமா வெச்சிருக்கற கொலாஜன், எலாஸ்டின்ங்கற நார்ப்பொருளெல்லாம் அறுந்து பலவீனமாயிடும், அதுக்கப்புறம் எவ்வளவு சிட் அப் போட்டாலும் உள்ள இருக்கற தசைதான் பலமாகும், மேல தொங்கறது சுருங்காது. க்ரீமும் அப்படித்தான். இவ்வளவு தோலுக்கு ஆபரேஷன் மட்டும்தான் வழி, அதுவும் புதுசா வந்த ஃபேஷன் ஒண்ணும் இல்ல, 1899லயே அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில ஹோவர்ட் கெல்லிங்கற டாக்டர் தொங்குற வயித்த வெட்டி எடுத்தத பத்தி எழுதி வெச்சிருக்கார்.

நான் இந்த லெட்டர் எழுதற காரணம் இதுக்கும் அடுத்த கட்டம். டம்மி டக்னா, அதாவது மிச்ச வயித்து தோல வெட்டி இறுக்கறதுன்னா, எல்லாரும் ஒரே ஆபரேஷன்னு நினைக்கறாங்க. டாக்டர்கிட்ட போய் கேக்கற முதல் கேள்வியே "தழும்பு எவ்வளவு நீளம் வரும், சின்னதா வர்ற மாதிரி எதுவும் இல்லையா"ங்கறதுதான். அந்த கேள்விய வெச்சு தேர்ந்தெடுத்தா நிறைய எடை குறைச்சவங்களுக்கு முக்காவாசி தப்பாத்தான் போகும். பாக்க வேண்டியது தழும்ப இல்ல, தோல் எந்த பக்கமா மிச்சம் இருக்குங்கறத.

மினின்னு ஒண்ணு இருக்கு, தொப்புளுக்கு கீழ மட்டும் கொஞ்சம் தோல எடுத்துட்டு தைப்பாங்க, தொப்புள தொட மாட்டாங்க. கேக்க ஆசையா இருக்கும், ஆனா அது லேசா கீழ்வயிறு மட்டும் தளர்ந்தவங்களுக்கானது, எடை நிறைய குறைஞ்சவங்களுக்கு அனேகமா உதவாது. ஃபுல்னு சொல்றதுல ஒரு இடுப்பெலும்புல இருந்து இன்னொரு இடுப்பெலும்பு வரைக்கும் கீழ வெட்டி, மேல விலா வரைக்கும் தோல பிரிச்சு, நடுவுல விலகிப்போன வயித்து தசைய இழுத்து தைச்சு, தோல கீழ இழுத்து மிச்சத்த வெட்டிடுவாங்க, தொப்புளுக்கு புதுசா ஒரு ஓட்டை போட்டு வெளிய எடுப்பாங்க. பிரசவத்துக்கு அப்புறம் பண்ணிக்கறவங்களுக்கு பெரும்பாலும் இதுதான். இதுல மேலயிருந்து கீழ தொங்கறது போயிடும்.

ஆனா நெறைய எடை குறைச்சவங்களுக்கு தோல் நீளத்துல மட்டும் மிச்சமா இருக்காது, அகலத்துலயும் இருக்கும். தொளதொளன்னு இருக்கற சட்டைய அடியில மட்டும் வெட்டி மடிச்சு தைச்சா உயரம் குறையும், சுத்தளவு குறையுமா? அதே கதைதான். ஃபுல் பண்ணிட்டு வந்தவங்க சில பேர் கீழ தட்டையா, தொப்புளுக்கு மேல இன்னும் தொளதொளன்னு நிக்கறதுக்கு காரணம் ஆபரேஷன் மோசம்ங்கறது இல்ல, அவங்க உடம்புக்கு அந்த வகை போதலங்கறதுதான்.

என்னை பாத்த முதல் டாக்டர் படுக்க வெச்சு பாத்துட்டு ஃபுல் போதும்னார். இன்னொருத்தர்கிட்ட போனேன், அவர் படுக்கவே வைக்கல, நிக்க வெச்சார், முன்னாடி குனிய சொன்னார், குனிஞ்சப்ப மேல்வயித்து தோல் முழுக்க முன்னாடி வந்து தொங்கிச்சு. அப்புறம் நிமிர சொல்லி தொப்புளுக்கு மேல நடுவுல ரெண்டு கையாலயும் இடமும் வலமும் இருந்து தோல கூட்டிப்பிடிச்சார், கை நிறைய வந்துச்சு, மார்க்கர் பேனாவால ரெண்டு பக்கமும் கோடு போட்டு கண்ணாடிய காட்டி "இது அத்தனையும் ஃபுல்ல அப்படியே இருக்கும், பரவாயில்லையா"ன்னு கேட்டார். டாக்டர்ங்க எல்லாரும் இந்த மாதிரி நிக்க வெச்சு, கிள்ளி காட்டி பேசணும்னு நான் மனசார கேட்டுக்கறேன், ஏன்னா பத்து நிமிஷத்துல எனக்கு எல்லாம் புரிஞ்சுது.

அந்த மாதிரி அகலத்துல மிச்சம் இருக்கறவங்களுக்குத்தான் ஃப்ளூர் டி லீங்கற வகை. கீழ குறுக்கு வெட்டோட சேத்து நடுவயித்துல மேலயிருந்து கீழயும் ஒரு வெட்டு, தலைகீழா வெச்ச இங்கிலீஷ் T எழுத்து மாதிரி தழும்பு. 1985லயே டெல்லன்ங்கற சர்ஜன் இந்த பேர்லயே இத பத்தி எழுதியிருக்கார். இடுப்பு வளைவு திரும்ப வர்றது இதுலதான். விலை என்னன்னா நடுவயித்துல ஒரு கோடு ஆயுசுக்கும் இருக்கும், எந்த பேண்ட்டும் மறைக்காது, அதோட ரெண்டு வெட்டும் சேர்ற அந்த முனையில ரத்த ஓட்டம் கம்மி, அங்க தையல் பிரியறது, ஆறாம இழுக்கறது சகஜம், வாரக்கணக்குல டிரஸ்ஸிங் பண்ற பொறுமை வேணும். தோல் முன்னாடி மட்டும் இருந்தா இது போதும். பக்கவாட்டு இடுப்புலயும் தொங்குதுன்னா வெட்ட இன்னும் பின்னாடி வரைக்கும் நீட்டற எக்ஸ்டெண்டட், முதுகு, பின்பக்கம் எல்லாமே தொங்குதுன்னா சுத்தி 360 டிகிரியும் எடுக்கற பெல்ட் லிப்பெக்டமி இல்ல லோயர் பாடி லிஃப்ட். அதெல்லாம் மணிக்கணக்குல நடக்கற பெரிய ஆபரேஷன், மயக்கத்துலயே உடம்ப திருப்பி போட்டு பண்ணுவாங்க, ரத்த இழப்பும் அதிகம், அதனால ஒரேயடியா எல்லாத்தையும் பண்ணாம ரெண்டு தடவையா பிரிச்சு பண்ணலாம்னு டாக்டர் சொன்னா அவர் காசுக்காக சொல்றார்னு நினைக்காதீங்க.

பானிகுலெக்டமி தனி. அதுல தொங்குற மடிப்ப மட்டும் வெட்டி எடுப்பாங்க, தசைய தைக்க மாட்டாங்க, அழகு பாக்கறது அதோட நோக்கமே இல்ல. புண்ணு, தொற்று, நடக்க முடியாத அளவுக்கு பாரம்னு கஷ்டப்படறவங்களுக்கு அது ஒரு வைத்தியம். சில இன்சூரன்ஸ்ல டாக்டர் எழுதிக் குடுத்த புண்ணு விவரம், போட்டோ, மருந்து போட்டும் சரியாகலங்கற ரெக்கார்ட் எல்லாம் இருந்தா இத பரிசீலிப்பாங்க, டம்மி டக்னு எழுதினா அழகு சிகிச்சைன்னு தள்ளிடுவாங்க. அதனால மடிப்புல புண்ணு வந்தா வீட்லயே பவுடர் போட்டு சமாளிக்காம ஒவ்வொரு தடவையும் காட்டி எழுதி வாங்கி வெச்சுக்கறது நல்லது.

எப்ப பண்ணலாம்ங்கறதுலயும் அவசரம் கூடாது. எடை ஏறாம இறங்காம குறைஞ்சது ஆறு மாசம் ஒரே இடத்துல நிக்கணும், எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கன்னா பொதுவா ஒண்ணு ஒண்ணரை வருஷம் கழிச்சுதான். குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா தள்ளிப்போடுங்க, தைச்ச தசை திரும்ப விலகலாம். சிகரெட் மட்டும் இல்ல, நிக்கோட்டின் கம், வேப் எதுவா இருந்தாலும் குறைஞ்சது நாலு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும், ஆறுற வரைக்கும் தொடக்கூடாது, நிக்கோட்டின் ரத்தக்குழாய சுருக்கி தோலயே கருக வெச்சிடலாம். பழைய பித்தப்பை ஆபரேஷன் தழும்பு, ஹெர்னியா எதுவும் மறைக்காம சொல்லணும், ஏன்னா பழைய வெட்டு ரத்த ஓட்டத்த தடுத்து ஒரு வகையவே பண்ண முடியாம ஆக்கலாம், ஹெர்னியாவ அதே மேஜையில சேத்தே சரி பண்ணவும் முடியலாம். இன்னொண்ணு, நிறைய எடை குறைஞ்சவங்க சில பேருக்கு புரோட்டீன், இரும்பு, பி12 எல்லாம் கம்மியா இருக்கலாம், ஆனா வெளிய பாக்க ஆரோக்கியமா தெரிவாங்க. பிளட் டெஸ்ட்ல தெரிஞ்சுக்கிட்டு ஏத்திக்கிட்டு போனாத்தான் இவ்வளவு நீள காயம் ஆறும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன ஆகும்ங்கறத யாரும் ஒளிச்சு வெக்காதீங்க. உள்ள சேர்ற நீர வெளிய எடுக்கற டிரெயின் டியூப் தொங்கும், வந்த நீர தினமும் அளந்து எழுதணும், அத எடுத்தப்புறமும் உள்ள நீர் கோத்து ஊசில எடுக்க வேண்டி வரலாம், சில நாளைக்கு நிமிர்ந்து நடக்க முடியாது, குனிஞ்சுதான் நடக்கணும், சுமாரா ஆறு வாரம் கனமா எதுவும் தூக்கக்கூடாது, தொப்புளுக்கு கீழ மரத்துப்போன இடத்துல உணர்ச்சி திரும்ப வர மாசக்கணக்காகும். அதுக்காக படுத்தே கிடக்கவும் கூடாது, கால்ல ரத்தம் உறைஞ்சா அது நுரையீரலுக்கு போய் உயிருக்கே ஆபத்து, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு போகணும்.

நான் கோடு இருக்கட்டும்னு ஃப்ளூர் டி லீயே எடுத்துக்கிட்டேன், அந்த முனையில தையல் கொஞ்சம் பிரிஞ்சு ஆறவும் ரொம்ப நாளாச்சு, இருந்தும் இன்னைக்கு கேட்டா அதையேதான் சொல்வேன். என் கூட பேசின இன்னொரு அம்மா அதே அளவு தோலோட ஃபுல் மட்டும் பண்ணிக்கிட்டாங்க, நடுவுல கோடு வேணாம், மேல கொஞ்சம் தளர்வா இருந்தா போகட்டும்னு தெரிஞ்சே முடிவு பண்ணாங்க, அவங்களும் சந்தோஷமாத்தான் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் முன்னாடியே கண்ணாடில காட்டி சொல்லியிருந்தாங்க, அதனாலதான்.

அதனால ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அடுத்த தடவை எடை குறைச்சவங்க கதை போடறப்ப கூடவே ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்கிட்ட பேசி இந்த வகை ஒவ்வொண்ணுலயும் வெட்டு எங்க வரும்னு படம் வரைஞ்சு அரை பக்கம் போடுங்க. போட்டோவும் போடறதா இருந்தா ஆபரேஷன் முடிஞ்ச கையோட எடுத்தது வேணாம், தழும்பு சிவப்பு அடங்க ஒரு வருஷம் போல, சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும், அதுக்கப்புறம் எடுத்ததா, சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோட போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி