செல்லூரில் ஏன் வண்டியை நிறுத்தினீர்கள் என்று கேட்ட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு

அனுப்புநர்:
சரக்கு வாகனப் பாலிசிதாரர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
மோட்டார் க்ளைம் பிரிவு,
மதுரைக் கிளை.

நாள்: 20.01.2025

பொருள்: வெள்ளத்தில் மூழ்கிய சரக்கு வாகனத்தின் க்ளைம் தொகையைக் காரணமில்லாமல் குறைத்தது, அலைக்கழித்தது, மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். பாலிசி நீங்கள் எழுதியது, க்ளைம் விவரம் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதையெல்லாம் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. உங்கள் கால் சென்டரில் ஒப்பித்து ஒப்பித்தே வாய் வலித்துவிட்டது. வண்டி நம்பரைச் சொன்னால் பாலிசி நம்பர் கேட்பார்கள், பாலிசி நம்பரைச் சொன்னால் க்ளைம் நம்பர் கேட்பார்கள், மூன்றையும் சொல்லி முடித்தால் லைன் கட்டாகிவிடும். அடுத்து எடுப்பவர் மறுபடி வண்டி நம்பரில் இருந்து ஆரம்பிப்பார். நானும் பொறுமையாகத்தான் இருந்தேன். போன வாரம் வந்த உங்கள் செட்டில்மெண்ட் கடிதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது.

ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 1,46,000 ரூபாய். நீங்கள் தருவதாகச் சொல்வது 31,400 ரூபாய். அதையும் "முழுமையான இறுதித் தொகை" என்று கையெழுத்துப் போட்டால்தான் தருவீர்களாம்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த மழை ஊருக்கே தெரியும். செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் எங்கள் பக்கம் என்ன செய்தன என்பதை டிவியில் காட்டினார்கள். ஆத்திகுளம், முல்லை நகர் பக்கமும் அதே கதைதான். என் குட்டியானை வீட்டு வாசலில் நின்றது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. தண்ணீர் சீட்டுக்கு மேலே ஏறிவிட்டது. மறுநாள் காலையிலேயே க்ளைம் பதிவு செய்தேன், மெசேஜும் வந்தது. க்ளைம் வந்த 24 மணி நேரத்துக்குள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் போட்ட சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் சர்வேயர் எட்டிப் பார்த்தது தீபாவளி முடிந்து. அதுவரை "வண்டியைத் தொடாதீங்க, பிரிக்காதீங்க" என்று உத்தரவு வேறு. சேற்றுத் தண்ணீர் நிற்கும் இன்ஜினைப் பிரிக்காமல் வைத்தால் துருப் பிடிக்கும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியாதா?

அப்புறம் கப்பலூர் ஒர்க்‌ஷாப்பில் வைத்து வண்டியைச் சுற்றி வந்து நாலு போட்டோ எடுத்தார் சர்வேயர். போர்மேன் ஏதோ விளக்க வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு வந்த ரிப்போர்ட்டில், தண்ணீர் புகுந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் பழுதானது, ஆகவே இது தொடர் சேதம், பாலிசியில் வராது என்று எழுதியிருக்கிறார். எங்கிருந்து கண்டுபிடித்தார்? தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வார். இன்ஜினைப் பிரித்தபோது என் வண்டியின் ராடு எதுவும் வளையவில்லை. போட்டோவும் போர்மேன் எழுதிக் கொடுத்த சீட்டும் மெயிலில் அனுப்பிவிட்டேன். பிரிக்கும் நாளைச் சொல்லி சர்வேயரைக் கூப்பிட்டோம், அவர் வரவில்லை. வராதவர் எழுதிய ரிப்போர்ட் செல்லும், பிரித்துப் பார்த்தவர் எழுதிய சீட்டு செல்லாதாம்.

வெள்ளம், பெருமழை, நீர் சூழ்தல் எல்லாம் பாலிசியின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நேரடியாக வெள்ளம் செய்த சேதம் அது. இன்ஜினுக்குத் தனி கவர் எடுக்கவில்லையே என்கிறீர்கள். பாலிசி போடும்போது உங்கள் ஏஜென்டிடம் நான் கேட்டேன். "குட்டியானைக்கு அதெல்லாம் எதுக்குண்ணே, வீண் செலவு, எதுனாலும் நான் இருக்கேன்ல" என்றார். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. ஆனால் தினமும் காலையில் பூப்படத்தோடு குட் மார்னிங் மட்டும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வருகிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை அய்யா. உங்கள் கிளையில் க்ளைம் பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஜன்னல் ஓர மேசை. பெயர் எழுதி அவர் பிழைப்பைக் கெடுக்க விரும்பவில்லை, உங்களுக்கே தெரியும். நான் நின்றுகொண்டிருக்கிறேன், உட்காரச் சொல்லவில்லை. போனில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்: "தண்ணி வரும்னு தெரிஞ்ச ஏரியாவுல ஏன் சார் வண்டியை நிறுத்துனீங்க?"

அய்யா, என் வீடு அங்கே இருக்கிறது. என் அப்பா காலத்தில் இருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த முகவரியை நீங்கள் பாலிசியில் அச்சடித்துத்தான் கொடுத்திருக்கிறீர்கள். பணம் வாங்கும்போது செல்லூர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லையா? வருடத்துக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் கட்டுகிறேன். அதில் மூன்றாம் நபருக்கான, அதாவது என் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான, 16,049 ரூபாய் அரசு வைத்த கட்டணம், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கட்டித்தான் ஆக வேண்டும். மீதிப் பணம் என் வண்டிக்காகத்தானே? தண்ணீர் வராத இடத்தில் நிறுத்துவதாக இருந்தால் அந்த மீதியை நான் ஏன் உங்களுக்குக் கட்ட வேண்டும்? குடையை விற்றுவிட்டு மழையில் ஏன் போனாய் என்று கேட்கிற கடைக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பெர்மிட் காப்பி கேட்டீர்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது, பெர்மிட்டே கிடையாது. ஆயிரக்கணக்கில் குட்டியானைக்கு இன்சூரன்ஸ் போடுகிற கம்பெனிக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இல்லாத பேப்பரை எந்த ஆபீசில் போய் வாங்குவது? "ஆர்.டி.ஓ.வுல எழுதி வாங்கிட்டு வாங்க" என்று உங்கள் ஆட்கள் சொல்லி, அங்கே போனால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அது முடிந்ததும் டிரைவர் லைசென்ஸில் பேட்ஜ், அதாவது சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி, இல்லை என்று ஒரு குறிப்பு. முதலில், வீட்டு வாசலில் நின்ற வண்டியை ஓட்டியது யார்? தண்ணீரா? இரண்டாவது, இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கை நடத்தியதே இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான். தீர்ப்பு வந்த பிறகும் டிசம்பரில் எனக்கு அந்தக் கேள்வி வருகிறது. பேப்பர் படிக்கிற எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

திருச்சிக் கதைக்கு வருகிறேன். கிளையில் ஒன்றும் நடக்காது, ஒரிஜினல் பில்லையும் ஆர்.சி.யையும் எடுத்துக்கொண்டு திருச்சி க்ளைம் ஆபீசுக்கு நேரில் போங்கள், சாரிடம் சொல்லிவிட்டோம் என்று கால் சென்டரில் சொன்னார்கள். மாட்டுத்தாவணியில் விடிவதற்குள் பஸ் ஏறினேன். உங்கள் திருச்சி ஆபீஸ் மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. சொல்லி வைத்த சார் திருநெல்வேலிக்கு ஆடிட் போய்விட்டாராம். சாப்பாட்டு நேரம் முடியும் வரை வராண்டாவில் நிற்க வைத்துவிட்டு, ஒரு அம்மா வந்து பேப்பரைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "மதுரை க்ளைம் எல்லாம் மதுரையிலதான் சார் பார்ப்பாங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க, மெயில் போட்டிருக்கலாமே" என்றார். அந்த மெயிலை நான் நவம்பரிலேயே போட்டுவிட்டேன் அம்மா என்றேன். "ஸ்பாமுக்குப் போயிருக்கும்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மேலூர் தாண்டும்போது உங்கள் கம்பெனியில் இருந்து ஒரு மெசேஜ்: எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

தேய்மானக் கணக்கையும் சரியாகப் போடவில்லை. வண்டி பதிவானது 2021 ஏப்ரலில். மழையன்று வண்டிக்கு நாலு வயது முடியவில்லை. மூன்றில் இருந்து நாலு வருடத்துக்குள் என்றால் இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம்தான் கழிக்க வேண்டும். நீங்கள் கழித்திருப்பது 35 சதவீதம். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம் என்பதை நான் மறுக்கவில்லை, அது பாலிசியில் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, அதிலும் கை வைத்திருக்கிறீர்கள். ஹெட்லைட், பம்பர், மட்கார்டு, பெயின்ட் எதற்கும் ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தப் பாகங்களுக்கும் சேர்த்துக் காப்பு தரும் ஐ.எம்.டி. 23 என்று தனி வரி போட்டு அதற்கென்றே கூடுதல் பணம் வாங்கியிருக்கிறீர்கள். பாலிசியை எடுத்துப் பாருங்கள். அது எதற்கு வாங்கியது என்று அந்த ஜன்னல் ஓரத் தம்பியையே கேட்டுச் சொல்லுங்கள். செல்லூரில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரிந்திருக்கும்.

என் நஷ்டம் என்னவென்று யாராவது ஒருவர் கேட்டீர்களா? தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எங்களுக்கு வருடமே. கீழமாசி வீதியில் இருந்து மளிகை லோடு, மாட்டுத்தாவணியில் இருந்து காய்கறி லோடு, நிற்க நேரம் இருக்காது. எல்லாம் போச்சு. சரி, பொங்கலுக்காவது வண்டி வந்துவிடும், மேலூர்க் கரும்பு ஏற்றலாம் என்று பார்த்தால் அதுவும் போச்சு. வழக்கமாக லோடு கொடுக்கும் கடைக்காரர்கள் வேறு வண்டி பார்த்துவிட்டார்கள், இனி அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. மூன்று லட்சத்துக்குக் குறையாது என் நஷ்டம். டியூ மட்டும் மாதம் தவறாமல் போகிறது, பைனான்ஸ்காரர் வெள்ளத்தை எல்லாம் பார்ப்பாரா? வீட்டம்மா தோடு அடகுக் கடையில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அதற்கு வாடகை வேறு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள்.

தங்களிடம் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். வேறு சர்வேயரை அனுப்பி, போர்மேனை வைத்துக்கொண்டு இன்ஜினைப் பாருங்கள். ராடுகளை நான் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். தேய்மானத்தை 25 சதவீதமாகத் திருத்துங்கள். கண்ணாடி, ஐ.எம்.டி. 23 பாகங்களுக்கு உரியதைச் சேருங்கள். தாமதித்த நாட்களுக்கு வட்டியும் சேர்த்துக் கொடுங்கள். சர்வே ரிப்போர்ட்டின் முழு நகலும் எனக்கு வேண்டும். கேட்டபோதெல்லாம் கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள். தாங்கள் நேரில் தலையிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் விஷயம் இது. உங்கள் கம்பெனியை விட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை.

புகாருக்கு 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லவில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளத்தில் பதிவு செய்வேன், 155255 நம்பரையும் கூப்பிடுவேன். ஒரு மாதம் தாண்டினால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். அங்கே பீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், நானே பேசிக்கொள்வேன். அதுவும் போதவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கவே இருக்கிறது. 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இது வியாபார வண்டி, நுகர்வோர் இல்லை என்று வாதாட நினைக்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பவனுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மன உளைச்சலுக்கு, திருச்சி பஸ்ஸுக்கு, அந்தத் தம்பியின் கேள்விக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்தே நஷ்ட ஈடு கேட்பேன்.

அந்த 31,400 ரூபாய்க்கான டிஸ்சார்ஜ் வவுச்சரில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இதோடு இணைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதிலை மெயிலில் மட்டும் அனுப்பாமல் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். முகவரி உங்களுக்குத் தெரிந்ததுதான், அதே தண்ணி வரும் ஏரியா.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்,
செல்லூர், மதுரை.

இணைப்பு: ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், போர்மேன் சீட்டு, கனெக்டிங் ராடு போட்டோக்கள், ஆர்.சி. நகல், எப்.சி. நகல், திருச்சி போய் வந்த பஸ் டிக்கெட், கையெழுத்திடாத டிஸ்சார்ஜ் வவுச்சர்.