பூனைக்குட்டியை விரட்டுமுன் ஒரு மணல் தட்டு வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், வீட்டுக்குள் அசுத்தம் செய்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பூனைக்குட்டிகளைப் பையில் கட்டிச் செம்பனைக் காட்டில் விட்டுவருவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

ஏறக்குறைய நான்கு வார வயதிலேயே குட்டி மண்ணைக் கண்டால் தோண்டத் தொடங்கிவிடும். உணவுத் தட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் மணல் தட்டை வைத்து, தின்று முடித்ததும் தூங்கி எழுந்ததும் அதை அங்கே தூக்கி விட்டாலே போதும். என் வீட்டுக் குட்டி தட்டின் விளிம்பைப் பிராண்டிப் பார்த்துவிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. விளிம்பு அதற்கு எட்டவில்லை என்பது புரிந்து, ஒரு பக்கத்தைக் கத்தியால் தாழ வெட்டிய அன்றே உள்ளே இறங்கி, முன்னங்காலால் மணலைத் தள்ளி மூடியது.

ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைச் சிறு குட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது; விழுங்கினால் குடல் அடைபடலாம். மூக்கை அசுத்தத்தில் தேய்ப்பது கொடுமை மட்டுமன்று, பயனற்றதும்கூட. பயந்த குட்டி மறைவிடம் தேடியே போகும். கழிவைத் தினமும் அள்ளிவிட வேண்டும். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமியின் காரணமாக, கர்ப்பிணிகள் இவ்வேலையைப் பிறரிடம் விடுவதே நல்லது.

விலங்குகளை வதைப்பது மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். கால்நடை மருத்துவரின் ஆலோசனைப் பகுதி ஒன்றைத் தங்கள் நாளிதழில் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்