பல்லைப் பாலில் இட்டுத் தந்த அம்மாவுக்கு

கடந்த ஞாயிறு மாலை மதுரை ராஜாஜி பூங்காவில் சறுக்குமரத்திலிருந்து விழுந்த என் 9 வயது மகனின் மேல் முன்பல் வேரோடு கழன்று மண்ணில் கிடந்தபோது, அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவப் போன என் கையைத் தடுத்தவர் நீங்கள். வேரைத் தொடாமல் பல்லின் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்தெடுத்து, ஓடிப்போய் வாங்கி வந்த குளிர்ந்த பாலில் இட்டீர்கள். வேரில் ஒட்டியுள்ள உயிரணுக்கள் காய்வதற்குள், அதாவது 30 நிமிடத்துக்குள், பல் மருத்துவரிடம் சேர வேண்டும் என்று சொல்லி ஆட்டோவையும் நீங்களே நிறுத்தினீர்கள். விழுந்தது பால்பல்லா என்று நீங்கள் முதலில் கேட்டபோது எரிச்சலடைந்தேன். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது என்பது பிறகுதான் விளங்கியது. பல் இப்போது பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாலுக்கான காசும் இன்னும் என்னிடமே இருக்கிறது, அம்மா.