வான்கோழி வேட்டைப் பயணம், ஏப்ரல் கடைசி வாரம்

நண்பர்களே, டென்வரிலிருந்து நெப்ராஸ்காவின் சாட்ரன் ஊர் சுமார் 5 மணி நேரம்தான், 4 பேர் ஒரே வண்டியில் போனால் பெட்ரோல் செலவு தெரியாது. அதன் பக்கத்திலுள்ள பைன் ரிட்ஜ் அரசுக் காட்டில் கூடாரம் போட வாடகை இல்லை, வழிகாட்டியும் வேண்டாம். வெளிமாநிலத்தாருக்கு வேட்டை பெர்மிட் அளவோடுதான் தருகிறார்கள், ஹேபிடாட் ஸ்டாம்போடு (வனவிலங்கு வாழிடப் பராமரிப்புக்கான கட்டணம்) இப்போதே வாங்கிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலம் மேட்டில் நின்று, பைன் மரத்தில் அடையப்போகும் வான்கோழிச் சேவல் எங்கே கத்துகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டால், விடியும் முன்பே சத்தமில்லாமல் அங்கே போய் உட்காரலாம். அப்புறம் முக்கியமாக, சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூட வேண்டாம். அவை சேவல் தலையின் நிறங்கள், இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே பறவை என்று நினைத்துவிடுவார். அரிசி, பருப்பு, ஐஸ்பெட்டி நான் கொண்டுவருகிறேன். வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் போடுங்கள்.