3000 கிரீம் பையும் ஒரு வாழைப்பழத் தோலும்

திருநெல்வேலி
ஜனவரி 6

அன்புள்ள சுந்தரம்,

உன் முழங்கால் சங்கதியை உன் மருமகள் போனிலேயே சொல்லிவிட்டாள். "மாடி ஏறாதீங்க மாமான்னா கேட்டாத்தானே" என்று புலம்பினாள். மொட்டை மாடியில் உனக்கு என்னப்பா வேலை? வடாம் காயப்போடுவதை அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். இடது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் டிவி பக்கம் திரும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் ரேடியோவும் நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தேன். மழை நின்று வெயில் வந்த நேரத்தில் நியூ ஜெர்சியிலிருந்து மகள் பேரனோடு வந்து இறங்கினாள். அவள் கொண்டுவந்த ஒரு பழைய பட டிஸ்க் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதோடு உன்னிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது, நாற்பத்தேழு வருஷ பாக்கி.

1978ல் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் 16 எம்எம் புரொஜெக்டர் வைத்துப் பழைய நகைச்சுவைப் படங்களின் தொகுப்பு ஒன்று போட்டோமே, நினைவிருக்கிறதா? பெல்ட் அறுந்துபோய் நீ நூல்கயிறு கட்டி ஓட்டினாய். அதில் லாரல் ஹார்டி என்ற மௌனப்பட நகைச்சுவை ஜோடி வரும் துண்டு ஒன்று. ஒரு தெரு முழுக்க ஆளாளுக்குக் கிரீம் பையை எடுத்து மூஞ்சியில் அடித்துக்கொள்வார்கள். (பை என்றால் நம் மஞ்சள் பை அல்ல, அமெரிக்காக்காரன் வட்டமாகச் சுட்டு மேலே கிரீம் போட்டுத் தின்னும் பலகாரம். பேரனுக்கு இது சொல்லாமலே தெரிகிறது, எனக்குத்தான் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.) நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் கையெழுத்துப் பத்திரிகையில் "சோற்றை வீணாக்கும் கோமாளித்தனம்" என்று ஒரு பக்கம் எழுதினேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தப் படத்தை இப்போது ஏறக்குறைய முழுதாகப் பார்த்துவிட்டேன், சுந்தரம். நீதான் சரி.

பெயர் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'. இரண்டு ரீல், இருபது நிமிஷத்துக்குச் சற்று முன்பின். ஹால் ரோச் ஸ்டூடியோ எடுத்தது, வெளியானது 1927 டிசம்பர் 31. எடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இயக்கியவர் கிளைட் பிரக்மன், அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பஸ்டர் கீட்டனோடு சேர்ந்து 'தி ஜெனரல்' எடுத்தவர். மேற்பார்வை லியோ மெக்கேரி, பின்னாளில் ஆஸ்கார் வாங்கியவர். கேமரா ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். ஆமாம், 'ஷேன்' என்ற கௌபாய் படத்தை எடுத்த அதே ஸ்டீவன்ஸ்தான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

நாம் பார்த்தது இரண்டாம் ரீலிலிருந்து வெட்டிய சில நிமிஷம் மட்டும். முதல் ரீலில் நடப்பது குத்துச்சண்டை. 1927 செப்டம்பர் 22ல் சிகாகோவில் டெம்ப்சிக்கும் டன்னிக்கும் நடந்த போட்டியைப் பற்றி உன் அண்ணன் கதை கதையாகச் சொல்வாரே. ஏழாவது சுற்றில் டெம்ப்சி விட்ட குத்தில் டன்னி விழுந்துவிட்டார். ஆனால் டெம்ப்சி ஒதுங்க வேண்டிய மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அவர் போகும்வரை நடுவர் எண்ண ஆரம்பிக்கவில்லை, அந்த இடைவெளியில் டன்னி சுதாரித்து எழுந்து கடைசியில் ஜெயித்தும்விட்டார். ஊரெல்லாம் இதே பேச்சு. மூன்றே மாதத்தில் ரோச் ஆட்கள் அதைக் கேலி செய்து படத்தை வெளியிட்டுவிட்டார்கள். நோஞ்சான் லாரல் எப்படியோ ஒரு மலைமாட்டை வீழ்த்திவிடுகிறார், ஆனால் மூலைக்குப் போகத் தெரியாமல் அங்கேயே நிற்கிறார். நடுவர் எண்ணவில்லை. மலைமாடு எழுந்துவிடுகிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். இதைப் பார்த்த பிறகுதான் படத்தின் பெயரே எனக்குப் புரிந்தது. 'நூற்றாண்டின் சண்டை' என்று பெயர் வைத்தது இந்தக் குத்துச்சண்டையை வைத்து. பை சண்டை அதற்கு அப்புறம் வருகிறது, அதுதான் நிஜமான நூற்றாண்டுச் சண்டையாகிவிடுகிறது. நாம் வால் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு யானைக்குப் பெயர் வைத்தோம்.

ரிங்கைச் சுற்றிய கூட்டத்தில் ஒரு இளைஞன் தெரிவான். அவன்தான் லூ காஸ்டெல்லோ, பிற்பாடு அபாட் காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடியில் பாதி. பேரன் இரண்டு முறை நிறுத்திக் காட்டிய பிறகே நான் கண்டுபிடித்தேன்.

அவனால் ஒரு குழப்பம் வந்தது, கேள். குண்டு ஹார்டியைப் படத்தில் 'ஆலி' என்பார்கள். அமெரிக்க உச்சரிப்பில் அவன் அதைச் சொல்லச் சொல்ல, சமையலறையிலிருந்து என் மனைவி "எந்த ஒல்லிடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குண்டனைப் போய் ஒல்லி என்கிறானே என்று அவளுக்கு ஒரே சந்தேகம்.

சரி, பை சண்டைக்கு வருகிறேன். குத்துச்சண்டையில் தோற்ற லாரல் மேல் ஹார்டி 5 டாலர் கட்டி விபத்துக் காப்பீடு எடுக்கிறார். காப்பீட்டு முகவராக வருபவர் யூஜீன் பாலெட். பேசும் படம் வந்த பிறகு தவளைக் குரலால் பெயர் வாங்கினாரே, அவர்தான். அப்புறம் லாரலை வழுக்கி விழவைக்க வாழைப்பழத் தோலைப் போடுகிறார் ஹார்டி. விழுவது லாரல் அல்ல, பை விற்கும் கடைக்காரர் சார்லி ஹால். அங்கிருந்து தொடங்குகிறது.

1978ல் நாம் பார்த்த துண்டில் தடதடவென்று எல்லோரும் எறிந்துகொண்டே இருப்பார்கள், இல்லையா? முழு ரீலில் அப்படி இல்லை. முதல் பையை வாங்கியவர் நின்று கண்ணைத் துடைக்கிறார். யோசிக்கிறார். நிதானமாகப் போய் ஒரு பையைத் தேர்ந்து எடுக்கிறார். எதிராளி ஓடுவதே இல்லை, வாங்குவதற்காகக் காத்திருக்கிறார். குறி தப்பிச் சம்பந்தமில்லாத ஒரு பெண்மேல் படுகிறது. அவள் யார், எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று நாம் பார்க்க நேரம் தருகிறார்கள். அப்புறம் அவளும் வந்து சேர்கிறாள். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரையும் விட்டுவைக்கவில்லை. நம் தெருக் குழாயடிச் சண்டைபோலத்தான், யார் ஆரம்பித்தது என்பது ஐந்தாவது ஆள் வரும்போதே மறந்துபோகிறது. ஒரே வித்தியாசம், இங்கே ஒருவரும் முறை தப்பி அடிப்பதில்லை. அந்த மரியாதைதான் சிரிப்பே. வேகமாக வெட்டிய துண்டில் போனது அதுதான், எனக்குப் பிடிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். (முழுசாகக் காட்டியிருந்தாலும் அந்த வயதில் எனக்குப் பிடித்திருக்காது என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.)

மூலை திரும்பி வரும் ஒரு பெண் வழுக்கி ஒரு பைமேல் உட்கார்ந்துவிடுவாளே, அனிதா கார்வின், அவர் எழுந்து என்ன நடந்ததென்று தெரியாத பாவனையில் காலை ஓர் உதறு உதறிவிட்டுப் போகும் கட்டம் அப்படியே இருக்கிறது. அதற்கு நான் அன்றைக்கே சிரித்தேன் என்பதை நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

3000 பை என்பது ஸ்டான் லாரல் பிற்காலத்தில் சொன்ன கணக்கு. பை அடிப்பது அப்போதே அரதப்பழசான ஜோக். யாரோ அதைச் சொன்னதும், செய்தால் இனி எவனும் பை படம் எடுக்க முடியாத அளவுக்குச் செய்வோம் என்று ஒரு கம்பெனியின் ஒரு நாள் உற்பத்தியை அப்படியே வாங்கினார்களாம். நான் எண்ண ஆரம்பித்து அறுபதோடு விட்டுவிட்டேன்.

இந்தப் படம் தொலைந்து திரும்பிய கதை படத்தைவிட நீளம். வீடியோ கேசட்டும் டிவிடியும் இல்லாத காலத்தில் அமெரிக்காவில் வீட்டில் படம் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அயோவா மாநிலம் டாவன்போர்ட்டில் இருந்த பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் போன்ற கம்பெனிகளிடம் தபாலில் 8 எம்எம், 16 எம்எம் பிரிண்ட் வாங்குவார்கள். லாரல் ஹார்டி படங்கள் பல அப்படித்தான் பரணில் உயிர் பிழைத்தன. இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தக் காலப் படங்களைப் பதித்த நைட்ரேட் பிலிம் தானாகவே கெட்டு, பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். ராபர்ட் யங்சன் என்ற தயாரிப்பாளர் 1957ல் தன் தொகுப்புப் படத்துக்காக இரண்டாம் ரீலிலிருந்து தனக்கு வேண்டிய சில நிமிஷங்களை எடுத்துக்கொண்டார். அதே வருஷம் ஆகஸ்டில் ஹார்டி காலமாகிவிட்டார், தொகுப்பு வந்தது அதற்கு அப்புறம். உலகமே பல வருஷம் பார்த்தது யங்சன் வெட்டிய அந்தத் துண்டைத்தான்.

முதல் ரீல் 1979ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அகப்பட்டது. அதாவது நான் திட்டி எழுதிய அடுத்த வருஷம். இரண்டாம் ரீலுக்கு மேலும் முப்பத்தாறு வருஷம். மௌனப் படங்களுக்குப் பியானோ வாசிக்கும் ஜான் மிர்சாலிஸ், கார்டன் பெர்கோ என்ற சேகரிப்பாளர் விட்டுச்சென்ற சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் படத்தின் பெயர் எழுதிய 16 எம்எம் டப்பா ஒன்று கிடைத்தது. எல்லோரிடமும் இருக்கும் அதே துண்டாகத்தான் இருக்கும் என்று ஓட்டிப் பார்த்தால் முழு ரீல்! யங்சன் வேண்டியதை வெட்டிக்கொண்டதோடு நிற்காமல், முழுசையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்திருக்கிறார். இத்தனை காலம் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் இந்த இடத்தில் ஆறிப்போயிற்று. 2015 ஜூனில் விர்ஜினியாவிலுள்ள கல்பெப்பரில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பிலிம் காப்பகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இந்தச் செய்தி வெளியானது. பெயர் தெரியாத பழைய படங்களைத் திரையில் ஓட்ட, வந்தவர்கள் காரின் மாடலையும் நடிகரின் காதையும் வைத்துக் கூவிக் கூவி அடையாளம் சொல்லும் கூட்டம் அது. நமக்குத் தோதான இடம். பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் அதைச் சீர்செய்தது. 2020 டிசம்பரில், காக்க வேண்டிய படங்களைக் குறித்து வைக்கும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள்.

மகள் கொண்டுவந்தது அதே 2020ல் வந்த 'லாரல் அண்டு ஹார்டி: தி டெஃபினிட்டிவ் ரெஸ்டோரேஷன்ஸ்'. 4 டிஸ்க், 17 குறும்படம், 2 முழுநீளப் படம். முழு இரண்டாம் ரீலோடு இந்தப் படம் வீட்டுக்கு வந்தது இதில்தான் முதல் தடவை. அதற்கு முந்தைய டிவிடிகளில் முதல் ரீலையும் யங்சன் துண்டையும் ஒட்டவைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். அப்புறம் ஃப்ளிக்கர் ஆலி கம்பெனி 2023ல் இவர்களுடைய 1927ஆம் வருஷப் படங்களை 'இயர் ஒன்' என்று தனியாகப் போட்டது, இது அதிலும் உண்டு. அமெரிக்காவில் 1927 படங்களின் காப்புரிமை முடிந்ததே 2023 ஜனவரி 1ல்தான். வருஷத்தின் கடைசி நாளில் வெளியானதால் இதற்கு ஒரு வருஷம் மிச்சம்.

இன்னமும் ஓட்டை இருக்கிறது, பார்த்துக்கொள். பாலெட் வரும் காப்பீட்டுக் காட்சி கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் ஸ்டில் படங்களும் எழுத்து அட்டைகளும் ஓடுகின்றன. கடைசிக் காட்சி இருக்கிறது. தெருவே வெள்ளையாகிக் கிடக்க, போலீஸ்காரர் வந்து இந்தச் சண்டையை நீங்களா ஆரம்பித்தீர்கள் என்கிறார். லாரல் முகத்தைப் பச்சைப் பிள்ளைபோல வைத்துக்கொண்டு, எந்தச் சண்டை என்கிறார். பேரன் ஊருக்குப் போகும்வரை எதைக் கேட்டாலும் அதே பதில்தான். பால் தம்ளரை உடைத்தது யார் என்றால், எந்தத் தம்ளர்?

பிளேயரையும் மகளே அங்கிருந்து கொண்டுவந்தாள். அது அமெரிக்க மின்சாரத்துக்கானது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி வைத்து ஓட்டுகிறேன். உர்ரென்று ஒரு சத்தம் வரும், மௌனப் படத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை. படம் அவ்வளவு துல்லியமாக இருந்தது டிஸ்க்கினாலா புதுக் கண்ணினாலா என்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தைப்பூசம் கழித்து மதுரை வருகிறேன், டிஸ்க்கை எடுத்து வருகிறேன். உன் பிளேயரில் ஓடுமா என்பதுதான் கேள்வி. டிஸ்க்கையும் பிளேயரையும் நாடுவாரியாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள், பொருந்தாவிட்டால் ஓடாமல் போகலாம். நம் நாட்டுக்கு டிவிடி மண்டலம் 5, புளூ-ரேயில் சி. அமெரிக்காவுக்கு 1, ஏ. பிளேயரின் பின்பக்கம் உலக உருண்டை படத்தில் ஓர் எண் ஒட்டியிருக்கும், அது என்ன என்று பார்த்து எழுது. இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரையும் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும், நாலு கிலோ இருக்கிறது. எண்ணைப் பார்க்க நீ ஸ்டூல் மேல் ஏறாதே, மருமகளைப் பார்க்கச் சொல்.

உன்
கணபதி