தோவில் போகும் மகளுக்கு: முதலில் ஓத நேரம் பார்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பாரிசிலிருந்து தோவில் (Deauville) என்கிற நார்மண்டிக் கடலோர ஊருக்குப் போவதாகச் சொன்னாய். போய் வா. எந்த வில்லாவைப் பார்ப்பது என்பதை அப்புறம் வைத்துக்கொள், அன்றைக்குக் கடல் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று முதலில் பார். நம் புதுச்சேரிக் கடலில் ஓதம் என்கிற இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், யாரும் கண்டுகொள்வதில்லை. பிரான்சின் வடக்கே நார்மண்டியில் பெரிய ஓத நாட்களில் அது ஆறேழு மீட்டர். இறங்கும்போது கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப் போய்விடும்.

ஓத அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 20-க்கும் 120-க்கும் இடையில் ஓர் எண் இருக்கும், அன்றைய ஓதம் எவ்வளவு பெரியது என்று அது சொல்லும். 70 சராசரி, 95-ஐத் தாண்டினால் பெரிய ஓதம். எந்த நேரக் கணக்கில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதையும் தலைப்பில் படித்துவிடு. சில அட்டவணைகள் வருஷம் முழுக்கக் குளிர்கால நேரத்திலேயே வரும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் பாதி உயரத்தை நடுவிலுள்ள இரண்டு மணி நேரமே பிடித்துக்கொள்ளும். மணலில் மேடும் பள்ளமும் உண்டு. நீ மேட்டில் நிற்கும்போது உனக்குப் பின்னாலுள்ள பள்ளம் முதலில் நிரம்பும். அலையோரம் வரை நடந்துபோகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். கடல் இறங்கும்போது போ, ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடு.

ரயில் பாரிசின் சேன் லசார் நிலையத்திலிருந்து. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். லா ஷப்பெல் பக்கமிருந்து கிளம்பினால் மஜெந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். 'இ' என்கிற புறநகர் ரயிலைப் பிடி, சேன் லசாருக்கு ஒரே நிறுத்தம். வார இறுதியில் கூட்டம் அதிகம், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடு.

தோவிலுக்கும் பக்கத்து ஊரான த்ரூவிலுக்கும் ஒரே ரயில் நிலையம்தான், நடுவில் தூக் ஆறு. எல்லோரும் நேரே தோவிலுக்குள் போவார்கள். நீ பெல்ஜியர் பாலத்தைத் தாண்டி முதலில் த்ரூவிலுக்குப் போ. ஞாயிறு காலையில் ஆற்றோரம் சந்தை இருக்கும், அதையொட்டியே மீன் அங்காடி. சாம்பல் இறால் 200 கிராம் ஒருவருக்குப் போதும். சின்னதுதான், தலையைக் கிள்ளிவிட்டு ஓட்டோடு தின்றுவிடலாம். வேகவைத்த புலோ என்கிற கடல் நத்தையைக் குச்சியால் குத்திச் சுழற்றி எடு. நத்தையின் வாயில் மூடிபோல ஒட்டியிருக்கும் தட்டைக் கழித்துவிடு. சேன் ஜாக் சிப்பி அக்டோபரிலிருந்து மே நடு வரைதான் பிடிக்க அனுமதி. ஜூலையில் 'இன்றைய சிப்பி' என்று எழுதியிருந்தால் அது உள்ளூர்ச் சரக்கு இல்லை.

அங்கிருந்து கடலோரப் பலகைப் பாதையில் கடைசிவரை நடந்தால் ரோஷ் நுவார் கட்டடம். 1866-இல் ஹோட்டலாகக் கட்டியது, இப்போது குடியிருப்பு. ஓவியர் மொனே 1870-இல் இதை வரைந்தார், அந்த ஓவியம் பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதற்கு அப்பால் வில்லர்வில் பக்கம் மணல் வழியே போக ஆசை வரும். ஒரு பக்கம் மண் சரியும் செங்குத்துக் கரை, மறுபக்கம் ஏறும் கடல். ஓத நேரம் சாதகமாக இல்லாவிட்டால் ஓர் அடிகூட எடுத்து வைக்காதே.

திரும்பி வந்து ஆற்று முகத்தில் தோவிலுக்குக் கடந்துவிடு. நீர் ஏறியிருந்தால் சின்னப் படகு, இறங்கியிருந்தால் நடைபாலம். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள். குளிர்காலத்தில் இதை நம்பாதே, பெல்ஜியர் பாலம் வழியே சுற்றிப் போ.

தோவில் வேறு மாதிரி ஊர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்த மொர்னி பிரபு, 1860-இலிருந்து சதுப்பிலும் மணல்மேட்டிலும் கோடு போட்டுக் கட்டவைத்த நகரம் இது. 1863-இல் ரயில், 1864-இல் குதிரைப் பந்தயத் திடல். த்ரூவிலின் வளைந்த சந்துகளைப் பார்த்துவிட்டு வந்தால், நேர்கோட்டுத் தெருக்கள் இங்கே ஏன் என்று தானாகப் புரியும். கட்டிய சில ஆண்டுகளிலேயே மணல் சேர்ந்து கடல் ஒதுங்கிப்போனது. அதனால்தான் பெரிய ஹோட்டல்களுக்கும் அலைக்கும் நடுவே இவ்வளவு இடம்.

பிளான்ஷ் என்கிற மரப்பலகைப் பாதை 643 மீட்டர். ஆப்பிரிக்காவின் அசோபே மரம். உப்புநீருக்கும் காலடிக்கும் தாங்கும். 1923-இல் போட்டது. பெண்களின் நீண்ட உடையில் மணல் ஒட்டக் கூடாது என்பதற்காக. மழைக்குப் பிறகு வழுக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுக்கொள். கடலில் குளிப்பவர்கள் உடை மாற்றும் அறைகளின் முன் தடுப்புகளில் நடிகர்கள் பெயர் எழுதியிருக்கும். 1975 முதல் செப்டம்பரில் நடக்கும் அமெரிக்கத் திரைப்பட விழாவின் வழக்கம் அது. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

வில்லாக்களைப் பார்க்கும்போது கூரை முகட்டைப் பார். சுட்ட மண்ணில் செய்து மெருகேற்றிய கலசங்கள் நிற்கும். உச்சியில் பூ, புறா, சில இடங்களில் பூனைகூட உண்டு. துண்டு துண்டாகச் செய்து இரும்புக் கம்பியில் கோத்திருப்பார்கள். அழகுக்கு மட்டுமில்லை: முகட்டு மரம் வெளியே நீட்டும் முனையில் மழைநீர் இறங்கி உளுத்துப்போகாமல் மூடுவது இதன் வேலை. சுவரில் தெரியும் மரச்சட்டங்கள் பலவும் பாரம் தாங்காத அலங்காரம்தான். ஸ்ட்ராஸ்பர்கர் வில்லாவில் இரண்டையும் தெருவிலிருந்தே பார்க்கலாம். 1907-இல் வங்கித் தொழில் செய்த ரோத்ஷில்ட் குடும்பத்துக்காகக் கட்டியது.

அங்கிருந்து மொர்னி சதுக்கம் வழியாக ரயில் நிலையம். மொத்தம் ஏழெட்டு கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி நடந்தால் ஐந்து மணி நேரம். காற்று அதிகம், குடை திரும்பிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைச்சட்டை எடுத்துப் போ. இறாலை ரயிலில் கொண்டுவர நினைத்தால் ஐஸ் போட்டுக் கட்டித்தரச் சொல். வாங்குவதை மீன் அங்காடி மூடுவதற்கு முன் முடித்துவிடு.

அம்மா