அது எந்த மிருகத்து ஜவ்வு?

அன்புள்ள ரஹீம்,

உன் கடிதம் வந்தது. தோல் பதனிடும் ஷாப்பை மகனிடம் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நம்ப மாட்டேன். காலையில் டிரம் சுற்றுகிற சத்தம் கேட்காவிட்டால் உனக்கு டீயே இறங்காது.

அத்தாவின் பல் விஷயத்துக்கு வருகிறேன். எலும்புத்தூள் போட்டு அதன்மேல் கொலாஜன் மெம்ப்ரேன், அதாவது தோலிலும் நாணிலும் இருக்கிற நார்ப் புரதத்தில் செய்த ஜவ்வு, வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், "அது எந்த மிருகத்து ஜவ்வு?" என்று கேட்டாராமே. 78 வயதில் அந்தக் கேள்வி வருகிறது பார்!

ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். தடுப்பு இல்லாவிட்டால் எலும்புக்கு விட்ட பள்ளத்தில் ஈறு இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வேலிதான் இந்த ஜவ்வு. எலும்பு ஒரு நிலைக்கு வர நாலு மாதமாவது ஆகும். அதுவரை வேலி நிற்க வேண்டும், அப்புறம் தானே கரைய வேண்டும்.

பல் டாக்டர்கள் நாங்கள் அதிகம் வைப்பது பன்றித் தோல் அல்லது வயிற்று உள்ஜவ்விலிருந்து எடுத்த ரகம். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கம் எலும்பைப் பார்க்க வேண்டும். ரத்தம் பட்டதும் நனைந்த அப்பளம் மாதிரி துவண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று நினைத்தால் நடக்காது. மாட்டின் குதிகால் நாணில் செய்வது இன்னும் விறைப்பானது. பயோமெண்ட் என்று ஒன்று 8 வாரத்தில் கரையும், அதிலேயே நீடித்து நிற்கும் வகை சுமார் 18 வாரம் தாங்கும். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலும் செய்கிறார்கள். மெல்லிசு, ஆனால் கிழியாது; மடிந்தாலும் பிரித்துவிடலாம். கையாள எனக்குப் பிடித்தது அதுதான். மீன் கொலாஜனும் உண்டு. குளிர்கடல் மீனுடையது நம் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும் என்பதால் அதை இறுக்கித்தான் ஆக வேண்டும்.

இந்த இறுக்குகிற வேலை உனக்குத் தெரிந்ததுதான். பச்சைத் தோல் அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே சுருங்கும், குரோம் ஏற்றிய தோல் கொதிக்கிற தண்ணீரிலும் நிற்கும் என்று எனக்குப் போட்டுக் காட்டியது நீதானே! நார்களுக்கு நடுவே பாலம் போடுகிறோம் என்பாய். எங்கள் ஆட்களும் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனம் கொண்டோ ஒரு வகைச் சர்க்கரை கொண்டோ அதே பாலத்தைத்தான் போடுகிறார்கள். பாலம் கூடினால் ஆறு மாதம் வரை நிற்கும். ஆனால் அந்த ரசாயனம் மிச்சம் இருந்தால் செல்களுக்கு ஆகாது, ரத்தக் குழாய் உள்ளே நுழையவும் தாமதமாகும். அதனால் பன்றியா மாடா என்பதைவிட எவ்வளவு பதனிட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் அது வைக்கிறவன் கணக்கு. அத்தாவின் கணக்கு வேறு. பல வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்குச் சொல்லாமலே பன்றி ஜவ்வை வைத்துவிட்டேன். தையல் பிரிக்க வந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டார், நானும் சாதாரணமாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுபடி அவர் வரவே இல்லை. அன்றிலிருந்து பெட்டியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

டாக்டரிடம் இரண்டையும் கேள்: ஜவ்வு எதிலிருந்து, எலும்புத்தூள் எதிலிருந்து. தூளும் பெரும்பாலும் மாட்டு எலும்புதான், அதைக் கேட்க எல்லாரும் மறந்துவிடுவார்கள். மாட்டு ஜவ்வோ மீன் ஜவ்வோ வேண்டும் என்றால் வரவழைக்கலாம், அத்தாவின் பள்ளத்துக்குப் போதுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். மார்க்கப்படி எது கூடும் என்று சொல்ல நான் ஆளில்லை, ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1954-இல் சென்னையில் விஞ்ஞானிகள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய முப்புரி அமைப்பு என்று சொன்னார்களே, அவர்கள் வைத்துப் பார்த்தது கங்காரு வால் நாண். அத்தாவிடம் சொல், சிரிப்பார்.

அடுத்த மாதம் திண்டுக்கல் வருகிறேன். காலாவதியான ஜவ்வு இரண்டு துண்டு மேஜையில் கிடக்கிறது, எடுத்து வருகிறேன். தண்ணீரில் போட்டு உன் விரலால் தொட்டுப் பார்த்து எது எந்த மிருகம் என்று சொல்.

அன்புடன்,
முருகேசன்